பொருள்: ‘ரெய்டு’க்குத் தமிழ்ச் சொல் – ‘காப்பு’ வேண்டாம், ‘நிரை’ போதும்

கலைச்சொல் குழுவில் உள்ள எல்லோருக்கும் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து வணக்கம்.

போன கிழமை எழுந்த கேள்வி இன்னும் முடியவில்லை. கணினிக்குள் இரண்டு மூன்று வன்தட்டுகளையோ எஸ்.எஸ்.டி.களையோ (சுற்றும் பாகம் இல்லாமல் சிப்புகளிலேயே தரவை வைப்பவை) ஒன்றாகப் பூட்டி, ஒரே தேக்ககம் போல வேலை வாங்கும் முறைக்குத் தமிழில் என்ன பெயர்? ‘ரெய்டு’ என்று அப்படியே எழுதினால் பொலிஸ் வந்து வீட்டைச் சோதிப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘காப்பு வட்டு’க்குத்தான் ஆதரவு கூட. அந்தச் சொல் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று விளங்க, என் மேசையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் பழைய ஒளிப்பதிவு நாடாக்களைக் கணினியில் ஏற்றும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். மினி டீவி நாடா மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட் பிடிக்கும். கூத்து விடிய விடிய நடப்பது; எட்டு மணி நேரம் என்றால் 100 கிகாபைட்டைத் தாண்டிவிடும். நொடிக்கு 150 மெகாபைட் எழுதும் வன்தட்டில் ஒரு கூத்தைப் பிரதி எடுக்க 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதைப் பொறுக்கலாம். தொகுக்கும்போது முன்னும் பின்னும் ஓட்டுகிறோமே, அங்கேதான் கணினி திணறும். நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும் தட்டில், வேண்டிய இடம் வாசிக்கும் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக 4 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். ஹெட் நகரும் நேரம் வேறு.

அதனால் மேசைக் கணினியில் 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. இரண்டு பூட்டச் சொன்னேன். 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். தாய்ப்பலகையில் படுக்கவைத்து ஒரே ஒரு சிறிய ஆணியால் இறுக்குவது. நொடிக்கு 3,000 மெகாபைட் வேகத்தில் அதே கூத்தை வாசிக்க 35 செக்கன் போதும். எழுதுவது தொடக்கத்தில் அந்த வேகத்தில் ஓடும். உள்ளே இருக்கும் விரைவுப் பகுதி நிரம்பியதும் குறைந்துவிடும். (பூட்டுமுன் தாய்ப்பலகையின் கைநூலைப் பாருங்கள். பல பலகைகளில் இரண்டாவது இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டால் வன்தட்டைப் பூட்டும் சாட்டா துறை ஒன்றிரண்டு வேலை செய்யாது. என் பழைய வன்தட்டு காணாமற்போய் ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.)

பூட்டித் தந்தவர் “ரெண்டும் ஒண்டுக்கொண்டு காப்பு, பயப்பட வேணாம்” என்றார். காப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம், என்னோடு வேலை செய்கிற தம்பி ஒரு கூத்தின் கோப்புறையைக் கை தவறி அழித்துவிட்டார். மற்றதில் இருக்கும்தானே என்று நாங்கள் பதறவே இல்லை. பார்த்தால் அங்கும் இல்லை. எப்படி இருக்கும்? ஒன்றில் எழுதுவது அந்த நேரமே மற்றதிலும் எழுதப்படுகிறது. ஒன்றில் அழிப்பது மற்றதிலும் அழிகிறது. வன்தட்டாக இருந்திருந்தால் மீட்பு மென்பொருள் எதையாவது தோண்டி எடுத்திருக்கும். எஸ்.எஸ்.டி.யில், இந்த இடம் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி அதைத் துடைத்து அடுத்த எழுத்துக்குத் தயாராக்கிவிடும். நாடாக்களை மறுகா ஓட்டினோம். பாதி மீண்டது. மற்றப் பாதி நாடாவில் பூஞ்சணம். அந்தக் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் இப்போது உயிரோடு இல்லை.

தட்டு ஒன்று பழுதானால் வேலை நிற்காமல் ஓடும். இந்த முறை தருவது அவ்வளவுதான். கை தவறுவதையோ, வைரசையோ, கூரைக்கு மேல் வரும் தண்ணீரையோ அது தடுக்காது. 1978 சூறாவளியையும் 2004 கடல்கோளையும் கண்ட கரையில் இருந்துகொண்டு, ஒரே பெட்டிக்குள் கிடக்கும் இரண்டை ‘காப்பு’ என்று எப்படிச் சொல்வது? அந்தக் காலத்தில் கூத்துக் கொப்பியைப் பார்த்தெழுதி வேறு ஊரில் ஒருவரிடம் கொடுத்து வைத்தார்கள். அதுதான் காப்பு. அந்தச் சொல்லை அதற்கே விடுவோம்.

அடுத்தது ‘மிகைவட்டு அணி’. ஆங்கிலப் பெயரை எழுத்துக்கு எழுத்து மாற்றினால் இது வரும். அந்தப் பெயரின் கதை தெரிந்தால் இப்படிச் செய்யத் தோன்றாது. 1988இல் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் வந்த பெயர் அது. பெருங்கணினிகளின் ஒரே பெரிய, விலை கூடிய வட்டுக்குப் பதிலாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்க்கலாம் என்றார்கள். பல சேர்ந்தால் ஏதோ ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும், அதற்காக மிகையாகச் சிலவற்றை வைக்க வேண்டும் என்றார்கள். பெயரில் ‘மலிவான’ என்பதைக் குறித்த எழுத்தைத் தொழில் நடத்துவோர் பிறகு ‘தனித்தனியான’ என்று மாற்றிவிட்டார்கள். கட்டுரையில் இருந்தவை 1 முதல் 5 வரையான வகைகள். பின்னர் சேர்ந்த 0 வகையில் மிகையே கிடையாது. அதில் ஒன்று பழுதானால் எல்லாம் போயிற்று. அதையும் ‘மிகை’ என்று அழைப்பது பொய் சொல்வது. அதோடு, தமிழில் மிகை என்றால் வேண்டாதது என்ற சாயல் இருக்கிறது. மிகைபடக் கூறலை நம் இலக்கணம் குற்றமாக எண்ணுகிறது.

என் பரிந்துரை ‘நிரை’. ஆநிரை என்பதில் உள்ள நிரை. உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளைகளுக்கு நிரையும் நிரலும் பழக்கம். பல தனித்தனி உயிர்கள் ஒன்றாக நடப்பதை அந்தச் சொல் காட்டுகிறது. பத்திரம் என்று எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்குப் ‘பட்டி’ என்றுதான் வாயில் வரும், பட்டிப் பொங்கல் என்கிறோமே. எனக்கும் அதில்தான் ஆசை. ஆனால் மென்பொருள் தமிழாக்கத்தில் பட்டி ஏற்கெனவே மெனுவுக்குப் போய்விட்டது. ‘வட்டுநிரை’ என்றும் சொல்ல ஏலாது, எஸ்.எஸ்.டி.க்குள் வட்டு எதுவும் இல்லை. ஆகவே ‘தேக்கநிரை’.

வகைகளுக்கு: தரவைத் துண்டு துண்டாக்கி வட்டுகளுக்குப் பங்கிடும் 0 வகையைக் ‘கூறுநிரை’ எனலாம். சந்தையில் மீனைக் கூறு வைக்கிறார்களே, அதே கூறு. ஒன்றைப் போல மற்றதும் இருக்கும் 1 வகைக்குப் ‘படிநிரை’. படி என்றால் பிரதி. முழுப் பிரதி வைக்காமல், போன தரவைக் கணக்கால் மீட்கும் 5 வகைக்கு இன்னும் எனக்குச் சரியான சொல் அகப்படவில்லை. சிலர் எழுதும் ‘சமநிலை’ தராசையும் பௌதிகவியலையும்தான் நினைவூட்டுகிறது.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றி ஒரு சொல். ‘திண்மநிலை இயக்ககம்’ என்கிறார்கள். வெற்றிடக் குழாய்கள் போய்த் திரான்சிஸ்ரர் வந்த காலத்தில், மின்னோட்டம் திண்மப் பொருளுக்குள்ளேயே நடக்கிறது என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் பிறந்த வழக்கு அது. இன்றைய பிள்ளை ‘அப்ப வன்தட்டு திரவமா?’ என்று கேட்கும். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ‘சில்லுத் தேக்ககம்’ என்றார். அங்கே சில்லு என்றால் சிப்பு. இங்கே சில்லு என்றால் சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. சுற்றுகிற பாகம் ஒன்றுமில்லாத பொருளுக்கு அந்தப் பெயரை மட்டக்களப்பில் வைக்க ஏலாது. எனக்கு இப்போதைக்கு ‘எஸ்.எஸ்.டி.’யே போதும்.

*

மறுமொழி: காரைதீவிலிருந்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

தம்பி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கூத்து போனது நெஞ்சை உறுத்துகிறது.

1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்கள் ஊரில் பிறந்தவர். விஞ்ஞானம் படித்து, யாழ்ப்பாணத்தில் அதைக் கற்பித்த பிறகுதான் சொல்லாக்கத்துக்கு வந்தார். நாமும் பொருளைப் பார்த்துவிட்டுச் சொல் தேட வேண்டும் என்பதால், பேரனைக் கொண்டு பழைய வன்தட்டுகள் மூன்றில் 5 வகையை அமைத்துப் பார்த்தேன். ஒன்றைக் கழற்றிய பிறகும் கோப்புகள் திறந்தன. கணிதம் படிப்பித்த எனக்கே அது மகிழ்ச்சியாக இருந்தது.

உள்ளே நடப்பதைப் புளியங்கொட்டையால் காட்டலாம். நாம் சின்ன வயதில் ‘ஒற்றையா இரட்டையா’ விளையாடினோமே, அதுதான். முதலாவது கையில் ஒரு கொட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது கையிலும் அப்படியே. மூன்றாவது ஆள் மொத்தம் ஒற்றையா இரட்டையா என்று மட்டும் எழுதிவைக்கிறார். முதலாவது கை காணாமற்போனால்? இரண்டாவது கையில் கொட்டை இருக்கிறது, எழுதியிருப்பது ‘இரட்டை’. அப்போ போன கையிலும் ஒரு கொட்டை இருந்தது. முழுப் பிரதி வைக்காமலே போனதைக் கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு கை ஒரே நேரத்தில் போனால் கண்டுபிடிக்க ஏலாது. மூன்றாவது ஆள் என்று நான் சொன்னது விளக்கத்துக்கு. 5 வகையில் அந்தக் கணக்கை எல்லா வட்டுகளும் மாறி மாறிச் சுமக்கின்றன. இதைத் தாங்கும் சொல் நம் விளையாட்டிலேயே இருக்கிறது: ‘ஒற்றையிரட்டை நிரை’. நீளம்தான், ஆனால் ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார்.

‘படிநிரை’யில் எனக்குத் திருப்தி இல்லை. மாணவனுக்குப் படி என்றால் மட்டமும்தான். முதலாம் படி நிரையா, படிநிரையா என்று குழம்புவான்.

*

மறுமொழி: கல்முனையிலிருந்து, கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர்

சேர் சொன்ன புளியங்கொட்டையைக் கடையில் ஒருவருக்குச் சொல்லிப் பார்த்தேன். உடனே விளங்கியது.

அண்ணா, ‘படிநிரை’ வேண்டாம் என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணம் உண்டு. படி என்றால் பிரதி. பிரதி இருக்கிறது என்று சொன்னால், ‘காப்பு’ என்று கேட்டு நீங்கள் நம்பியது போலத்தான் மற்றவர்களும் நம்புவார்கள். வேறு வாசலால் அதே பிழை வரும். ஆங்கிலத்தில் இதைக் கண்ணாடி என்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் அவர்கள் சொல் நமக்கும் பொருந்துகிறது. நெற்றிப் பொட்டை அழித்தால் கண்ணாடியிலும் பொட்டு இருக்காது. ‘கண்ணாடிநிரை’ என்றால் பாவிப்பவருக்கு அது தானாக விளங்கும்.

கடையில் அடிக்கடி பார்க்கும் ஒன்று: ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு எஸ்.எஸ்.டி.யைக் கண்ணாடியாகப் போடுகிறார்கள். இன்று விற்பவற்றில் பல, ஒவ்வொரு சிற்றறையிலும் மூன்று பிட் வைப்பவை. சிற்றறையை இத்தனை தடவைதான் அழித்தெழுதலாம் என்று எல்லை உண்டு. இரண்டும் ஒரே அளவு எழுத்தைச் சுமந்தால் தேய்வதும் சேர்ந்துதான் தேயும். வேறு வேறு தயாரிப்பாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றைச் சில மாதம் பிந்திப் போடுங்கள். அப்புறம், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்றும் வேண்டும்; மாரியில் கரண்ட் போகிற ஊர் நம்முடையது. எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் ஒற்றையிரட்டைக் கணக்கு தரவோடு ஒத்துப்போகாமல் நின்றுவிடும்.

இன்னும் இரண்டு சொல் தேவைப்படுகிறது. ஒரு வட்டு போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையைக் ‘குறைநிரை’ என்று எழுதி ஒட்டுகிறேன். வேலையில்லாமல் பூட்டியே இருந்து, ஒன்று பழுதானதும் அதன் இடத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வட்டுக்கு ‘கைகாவல்’. அம்மம்மா மாரிக்கு முன் ஒரு மூடை நெல்லைத் தனியே வைத்து “கைகாவலுக்குக் கிடக்கட்டும்” என்பா.

*

மறுமொழி: கல்லடி

சேருக்கும் தங்கச்சிக்கும் நன்றி. ‘படிநிரை’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘காப்பு’ வேண்டாம் என்று அவ்வளவு எழுதிவிட்டு, நானே அதை வேறு உடுப்பில் கொண்டுவந்திருக்கிறேன். ‘கண்ணாடிநிரை’, ‘ஒற்றையிரட்டை நிரை’, ‘குறைநிரை’, ‘கைகாவல்’ நான்கும் பட்டியலில் சேர்ந்தன. ‘தேக்கநிரை’க்கு மறுப்பு இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள்.

என் கணினிப் பெட்டியின் பக்கத்தில் நேற்று ஒரு தாள் ஒட்டினேன்: “உள்ளே இருப்பது கண்ணாடிநிரை. இங்கே அழித்தால் இரண்டிலும் அழியும். காப்பு செங்கலடியில், மாமி வீட்டு அலுமாரியில்.”