மகளின் சாஃப்ட்பால்: எந்த வயதில் நின்றாள், எது நிறுத்தியது?

டல்லாஸ் அப்பா:

எங்கள் ஊரில், விருப்பமுள்ள எல்லாரையும் சேர்க்கும் ரெக் லீக்கில் பெண்களுக்கான சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) வசந்த காலப் பதிவு போன வாரம் முடிந்தது. 8யூவில், அதாவது எட்டு வயதும் அதற்குக் கீழும், ஆறு அணிகள், 10யூவில் ஐந்து, 12யூவில் மூன்று. 14யூவில் ஒரே ஒரு அணிக்குத்தான் ஆள் தேறியது. எதிரணிக்கு எங்கே போவது? பதிவுப் பட்டியலைக் கவனிக்கும் தன்னார்வலர் நான். வருஷா வருஷம் இதையேதான் பார்க்கிறேன்.

இங்கே மகள்களை சாஃப்ட்பாலில் விட்ட பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பெண் எந்த வயதில் நின்றாள், அல்லது எது அவளை விடாமல் ஆட வைத்தது என்று எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 10யூ என்றால் பத்து வயதும் அதற்குக் கீழும். பந்தின் சுற்றளவு 11 அங்குலம், பேட் செய்பவளை நோக்கி பிட்சர் வீசுவது 35 அடியிலிருந்து. 12யூவுக்கு ஏறினால் பந்து 12 அங்குலம், தூரம் 40 அடி. 14யூவில் 43 அடி; உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அதே தூரம்தான். சில லீக்குகளில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இந்த ஒவ்வொரு ஏற்றத்திலும்தான் பெண்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நியூஜெர்சி அம்மா:

என் பெரியவள் நவம்பரில் பிறந்தவள். அப்போது எங்கள் லீக்கில் சீசனுக்கு முந்தைய டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. அவள் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது வகுப்புத் தோழிகள் எல்லாரும் 10யூவில் இன்னொரு வருஷம் இருக்க, இவளை மட்டும் 12யூவுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த அணியில் பாதிப் பேர் ஏழாம் வகுப்பு. உயரம் மட்டுமா வித்தியாசம்? பேச்சு, பாட்டு, கிண்டல் எல்லாமே வேறு.

ஆட்டத்துக்கு முன்னால் டக்அவுட்டில், அதாவது மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடத்தில், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் இருப்பவள் சடை பின்னிவிடுவாள். பார்த்தவர்களுக்குத் தெரியும், பெண்கள் சாஃப்ட்பாலில் அது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. 10யூவில் இவள்தான் பின்னல் ராணி, ஃபிரெஞ்ச் பின்னல் வரைக்கும் போடுவாள். புது அணியில் யாரும் இவளைக் கூப்பிடவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கிளவ்வின் தோல் வாரைக் கடித்துக்கொண்டிருப்பாள். பந்தும் கைக்கு அடங்கவில்லை. இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து எறிந்தால் இரண்டு தரம் தரையில் குத்தித்தான் முதல் பேஸுக்குப் போகும். அடுத்த வருஷம் படிவத்தை நீட்டினேன். “வாலிபால்ல சேத்துவிடும்மா” என்றாள்.

அப்புறம் பல அமைப்புகள் கணக்குத் தேதியை செப்டம்பர் 1 என்று மாற்றின. பள்ளி வகுப்போடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. சின்னவள் அக்டோபர் பிறப்பு, தன் வகுப்புக் கும்பலோடே 12யூவுக்கு ஏறினாள். அக்காவை விடச் சுமாராகத்தான் ஆடுகிறாள். ஆனால் விடுகிற மாதிரி தெரியவில்லை.

அட்லாண்டா, 10யூ கோச்:

மேடம் சொல்வது 12யூ கதை. எங்கள் பக்கம் அதற்கு முன்னாலேயே ஆள் குறைகிறது. கையை முழு வட்டம் சுற்றி இடுப்போரத்தில் விடும் விண்ட்மில் வீச்சு ஒன்பது வயதில் யாருக்கும் லேசில் வராது. அடிக்கத் தோதில்லாத வீச்சுக்கு ‘பால்’ என்று பெயர்; நாலு பால் ஆனால் வாக், பேட் செய்பவள் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். மறுபடி நாலு பால், மறுபடி வாக். பேஸ்கள் நிறைந்து, நடந்து நடந்தே ரன் வரும். ஒரு இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்தான் என்று பல லீக்குகளில் வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். இந்தக் கூத்து நடக்கும்போது அவுட்ஃபீல்டில், அதாவது பேஸ்களுக்கு வெளியே தூரத்துப் புல்வெளியில், வலது பக்கம் ஒரு குழந்தை நிற்கும். அவள் பக்கம் பந்தே வராது. புல்லில் க்ளோவர் பூ பறித்துக்கொண்டிருப்பாள், கேலரியிலிருந்து அவள் அப்பா “ரெடியா நில்லு!” என்று கத்துவார். எதற்கு ரெடி? அடுத்த வருஷம் பதிவு செய்யாதவர்கள் யார் என்று பார்த்தால் முதல் பெயர் அவளுடையதாகத்தான் இருக்கும்.

எங்கள் லீக்கில் இப்போது நாலு பால் ஆனதும் பேட் செய்கிற அணியின் கோச்சே வந்து வீசுகிறார். பந்து அடிபடுகிறது, எல்லாருக்கும் வேலை இருக்கிறது. என் அணியில் எந்தப் பெண்ணும் இரண்டு இன்னிங்ஸ் தொடர்ந்து அவுட்ஃபீல்டில் நிற்பதில்லை. இதனால் தோற்ற ஆட்டங்கள் உண்டு, அதற்குச் சில அப்பாக்கள் என்னோடு பேசாமல் போனதும் உண்டு. சரி, பரவாயில்லை.

ஆராய்ச்சி ஒன்றும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் குழு 1992இல் வெளியிட்டது. லிட்டில் லீக் பேஸ்பால் கோச்சுகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள்: நல்ல முயற்சியைப் பாராட்டு, தப்பு செய்தவனைத் திட்டாமல் தைரியம் சொல்லி எப்படிச் செய்வது என்று காட்டு, அவ்வளவுதான். அங்கே ஆடியவர்கள் பையன்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷம் பயிற்சி பெற்ற கோச்சுகளின் அணிகளில் விட்டுப்போனவர்கள் 5 சதவீதம், மற்ற அணிகளில் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. ஜெயிக்கிற அணியில் குழந்தைகள் தானாகத் தங்குவார்கள் என்று வாதாடுகிறவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

பே ஏரியா அப்பா:

தேர்வு வைத்து ஆள் எடுத்து, ஊர் ஊராகப் போட்டிக்குப் போகும் டிராவல் டீம் பக்கம் யாரும் வரவில்லையே! 12யூவில் ரெக் லீக் வற்றிப்போவதற்கு அதுதான் காரணம், எங்கள் ஊரில். நன்றாகப் பிட்ச் செய்யும் இரண்டு மூன்று பெண்களை டிராவல் அணி அள்ளிக்கொண்டு போய்விடும். பிட்சர் போனால் ரெக் ஆட்டம் மறுபடி அட்லாண்டா அண்ணன் சொன்ன ‘நாலு பால்’ திருவிழாதான். மிச்சமிருப்பவர்கள் அலுத்துப்போய் நின்றுவிடுகிறார்கள்.

என் மகளும் போனாள். வார இறுதி முழுக்க டோர்னமென்ட், மோட்டல், காரிலேயே சாப்பாடு. தமிழ்ப் பள்ளி போச்சு. செலவு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர், பேட்டும் பிட்சிங் வகுப்பும் தனி. பதினோரு வயதுப் பெண்ணின் அப்பாக்கள் கல்லூரி ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷன் கோச்சுகள் ஒரு பெண்ணோடு நேரடியாகப் பேசவே பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 ஆக வேண்டும் என்பது விதி. அதற்கு இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கிறது! அந்த அணியின் கோச் இவளுக்கு பெஞ்ச்தான் கொடுத்தார். பணம் கட்டி உட்கார வைத்த மாதிரி. அடுத்த சீசனில் ரெக்குக்கே திரும்பினாள், வாரத்தில் இரண்டு நாள், எல்லா இன்னிங்ஸும் ஆட்டம். இப்போது 14யூ.

சிகாகோ அம்மா:

யாரும் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். வெள்ளைப் பேன்ட். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்கள், ஒன்றரை மணி நேர ஆட்டம், மண்ணில் சறுக்க வேண்டும், மைதானத்தில் இருப்பது நகரும் பிளாஸ்டிக் கழிப்பறை. என் மகள் மாதத்தில் சில நாள் வயிற்றுவலி என்று சொல்லி ஆட்டத்துக்கு வர மாட்டாள். கோச் அவளுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். இன்னொரு அம்மாவும் நானும் போய்க் கேட்டோம். அவர் காது சிவந்துபோனது, ஆனால் அடுத்த வாரமே கறுப்புப் பேன்டுக்குச் சொல்லிவிட்டார். அணியில் வயிற்றுவலி குறைந்தது.

இருந்தும் அவள் பதினாலில் நின்றுவிட்டாள். காரணம் சாஃப்ட்பால் இல்லை, அரங்கேற்றம். ஒத்திகையும் 14யூ சீசனும் ஒரே மாதங்களில் மோதின. நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான், இதற்கு லீக்கைக் குறை சொல்ல முடியாது.

பழைய கேட்சர்:

அங்கிள்ஸ், ஆன்ட்டிஸ், வணக்கம். நான் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம், அம்மா இந்த லிங்க் அனுப்பினாங்க. நான் எட்டு வயதிலிருந்து 18யூ வரைக்கும் ஆடினேன், பெரிதாகத் திறமை ஒன்றும் கிடையாது. பேட் செய்பவளுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்ததால் தப்பித்தேன். யாருக்கும் அந்த முட்டிக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெயிலில் குந்த ஆசையில்லை, அதனால் எந்த அணியிலும் எனக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு பந்தும் என்னிடம்தான் வரும், அலுக்க நேரமே இல்லை.

இன்னொன்று, டக்அவுட் பாட்டு. நம் அணி பேட் செய்யும்போது கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்திப் பாடுவோமே, அது. 14யூவில் ஒரு புது கோச் அது சின்னப் பிள்ளை வேலை என்று நிறுத்தினார். அந்த சீசன் முடிவில் நாலு பேர் போனார்கள். பாட்டால்தான் போனார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் போன நாலு பேரும் பாட்டு எடுத்துக்கொடுத்தவர்கள்.

இப்போது வார இறுதியில் 10யூ ஆட்டங்களுக்கு அம்பயராகப் போகிறேன், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணமும் தருகிறார்கள். 14யூவில் ஆட இஷ்டமில்லாத பெண்களை இதற்குக் கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் லீக்கில் அப்படி வந்த ஒருத்தி அடுத்த வருஷம் மறுபடி பதிவு செய்தாள்.

டல்லாஸ் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. அம்பயர் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை தங்கச்சி, கட்டாயம் சொல்லிப் பார்க்கிறேன். வெள்ளைப் பேன்டுக்கு ஆர்டர் இன்னும் போகவில்லை, நாளைக்கே மாற்றச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் செய்கிறோம். ஓக்லஹோமா சிட்டி காரில் மூன்று மணி நேரம்தான். கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலின் இறுதிக் கட்டமான உலகத் தொடர் நடக்கும்போது 12யூ பெண்களை அங்கே டெவன் பார்க் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போவோம். 2025இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் பட்டம் வாங்கியதிலிருந்து கேட்கவே வேண்டாம், ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை. 2028 ஒலிம்பிக் சாஃப்ட்பாலும் அங்கேதான். ஆனால் பெரிய ஸ்டேடியத்தைப் பார்த்த உற்சாகம் பதிவு வரைக்கும் தாங்கினாலும், அணியில் தோழி இல்லையென்றால் ஏப்ரல் வரைக்கும் தாங்காது என்பதையும் பார்த்துவிட்டேன்.

இப்போதைய பிரச்சினைக்கு வருகிறேன். 12யூவையும் 14யூவையும் இந்த சீசன் சேர்த்து நடத்தலாம் என்று சிலர் கேட்கிறார்கள். பதினாலு வயதுப் பெண் அடிக்கிற பந்து மூன்றாம் பேஸில் நிற்கும் பதினோரு வயதுக் குழந்தையின் முகத்துக்கு எந்த வேகத்தில் வரும் என்று யோசித்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. பேஸ்களை ஒட்டி இன்ஃபீல்டில் நிற்கும் எல்லாருக்கும் முகக்கவசம் கட்டாயம், பிட்சிங் 40 அடி, கூடவே ஒரே வகுப்பில் படிப்பவர்களை முடிந்தவரை ஒரே அணியில் போடுவது: இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டால் சேர்க்கலாம் என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். இப்படிச் சேர்த்து நடத்திய அனுபவம் யாருக்காவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள். பெண்களை அணிகளுக்குப் பிரித்தெடுக்கும் டிராஃப்ட் முறையை எப்படி வைத்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது.