ரேடியோ 1: முதலில் ஒலித்தது யாருடைய இசை?

மத்தியஅலை:
"பிபிசியின் பாப் இசை நிலையமான ரேடியோ 1இல் சொந்தச் சரக்கென்று எதுவும் இல்லை, முதலில் ஒலித்த பாடல்கூடக் கடலில் கப்பலிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிய கப்பல் வானொலிக்காரர் கொண்டுவந்து போட்டதுதான்" என்று கடற்காற்று வேறோர் இழையில் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 1967 செப்டம்பர் 30 காலையில் முதலில் ஒலித்தது, அந்தத் தொடக்கத்துக்கென்றே பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இசையமைத்த 'தீம் ஒன்'. தி மூவ் குழுவின் 'ஃபிளவர்ஸ் இன் தி ரெயின்' அதற்குப் பின்னரே வந்தது. வரலாறு எழுதுகிறவர் இதையாவது தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

கடற்காற்று:
'தீம் ஒன்' ஒலித்தது ஏழு மணிக்கு முன்னால். நிலையம் தொடங்கியது ஏழு மணிக்கு. கடை திறக்குமுன் வாசலில் தண்ணீர் தெளிப்பதை யாரும் முதல் வியாபாரமாகக் கணக்கெழுதுவதில்லை. ஏழு மணிக்கு ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்த டோனி பிளாக்பர்ன், ரேடியோ கரோலைன், ரேடியோ லண்டன் என்ற கப்பல் வானொலிகளில் பணியாற்றியவர். ரேடியோ லண்டனுக்கு ஜிங்கிள், அதாவது நிலையத்தின் பெயர் சொல்லும் குறும்பாட்டு, பாடிக் கொடுத்த டல்லஸ் நகரத்து நிறுவனமே ரேடியோ 1க்கும் பாடிக் கொடுத்தது. கடல் ஒலிபரப்பைக் குற்றமாக்கும் சட்டம் ஆகஸ்ட் நடுவில் நடைமுறைக்கு வந்தது. ரேடியோ லண்டன் 14ஆம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு ஏழு வாரங்கள் நிறையுமுன் அதே குரல்களை வைத்து நிலையம் திறந்தவர்களுக்கு நீங்கள் மாலை போடுகிறீர்கள்.

இசைத்தட்டு:
இருவருமே தவறு. ஏழு மணிக்கு முதலில் கேட்டது ஜானி டாங்க்வர்த்தின் 'பீஃபீட்டர்ஸ்' இசையின் ஒரு துண்டு. அது பிளாக்பர்னின் அடையாள இசை. முழுதாக ஒலித்த முதல் இசைத்தட்டுதான் 'ஃபிளவர்ஸ் இன் தி ரெயின்'. அந்தப் பாட்டின் உரிமைத்தொகை இன்றுவரை அதை எழுதியவருக்குப் போவதில்லை என்பதையும், அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் வழக்குத் தொடுத்து அதை அறக்கொடைகளுக்குத் திருப்பிவிட்டார் என்பதையும் இங்கே யாரும் சொல்லவில்லை.

கடற்காற்று:
கப்பல்களின் வாயை அடைத்ததும் வில்சன் அரசுதான், பாட்டின் வருமானத்தைப் பறித்ததும் அவர்தான். என் வாதத்துக்கு வலுச் சேர்த்ததற்கு நன்றி.

மத்தியஅலை:
வழக்கு, பாட்டை விளம்பரப்படுத்தக் குழுவின் மேலாளர் அச்சிட்ட, வில்சனை இழிவுபடுத்தும் கேலிச்சித்திர அஞ்சலட்டை பற்றியது. கப்பலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கரோலைன் இழையிலும் நீங்கள் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். முதலில் ஒலித்தது 'தீம் ஒன்' என்பதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம்நிலையம்:
அதே நாளில்தான் பிபிசியின் செவ்வியல் இசை நிலையத்துக்கு ரேடியோ 3 என்ற பெயரும் வந்தது. 1946 செப்டம்பர் 29இல் தொடங்கிய தேர்ட் புரோகிராம் என்ற கலை, இலக்கிய ஒலிபரப்பு, அந்தப் பெயருக்குள் 1970 வரை தனித்து நின்று பிறகு மறைந்தது. 'புரொம்ஸ்' எனப்படும் லண்டன் கோடைக்காலச் செவ்வியல் இசைக் கச்சேரிகளை 1927இலேயே பிபிசி கையில் எடுத்தது. பொது வானொலி இசைக்குச் செய்தது என்ன என்று கேட்டால் பேச வேண்டியது இவற்றைப் பற்றி. நீங்களோ மூன்று நிமிடப் பாட்டுக்காக மல்லுக்கு நிற்கிறீர்கள்.

கடற்காற்று:
ரேடியோ 3 பற்றித் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள், ஐயா. சென்ற முறை நீங்கள் தொடங்கியதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை என்பதற்காக இங்கே வந்து குறைப்பட வேண்டாம்.

மத்தியஅலை:
அவரைச் சீண்டுவதை விட்டு என்னிடம் பேசுங்கள். பிபிசி ஒரு நாளில் எவ்வளவு நேரம் இசைத்தட்டு ஒலிபரப்பலாம் என்பதற்கு, இசைத்தட்டு நிறுவனங்களின் அமைப்போடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கடுமையான வரம்பு இருந்தது; 'நீடில் டைம்' எனப்பட்ட அந்த வரம்பு 1988 வரை நீடித்தது. உங்கள் கப்பல்கள் அதற்குக் கட்டுப்படாமல் நாள் முழுதும் தட்டுகளைச் சுழற்றின. பிபிசியோ மீதி நேரத்தை நிரப்ப இசைக்குழுக்களைத் தன் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்து, புதிதாக வாசிக்க வைத்துப் பதிவுசெய்தது. ஜான் பீல் 1967 அக்டோபர் 1இல் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் பேசத் தொடங்கியதிலிருந்து 2004இல் இறக்கும்வரை அவருடைய நிகழ்ச்சிகளுக்காக இப்படிப் பதிவானவை 4000க்கும் மேல். எந்த இசைத்தட்டு நிறுவனமும் ஏறெடுத்துப் பார்க்காத குழுக்களுக்கு பிபிசியின் மைடா வேல் ஒலிப்பதிவுக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. எந்தக் கப்பல் இதைச் செய்தது?

கடற்காற்று:
ஜான் பீல் எங்கிருந்து வந்தார் என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ரேடியோ லண்டனில் நள்ளிரவில் 'பெர்ஃப்யூம்ட் கார்டன்' நடத்திய மனிதர் அவர். நீங்கள் பெருமையாக எடுத்து நீட்டும் ஒவ்வொருவரும் எங்கள் கப்பலிலிருந்து இறங்கியவரே.

மத்தியஅலை:
இறங்கிய பிறகு, 37 ஆண்டுகள் அவருக்கு நிகழ்ச்சியும் கூடமும் கொடுத்துத் தாங்கியது பொது வானொலி. வருமானத்தை விளம்பரதாரரிடம் எதிர்பார்க்கும் நிலையம், யாரும் கேள்விப்படாத குழுவுக்கு இரவு நேரத்தை ஒதுக்கி இத்தனை காலம் பொறுத்திருக்காது.

இசைத்தட்டு:
'பீஃபீட்டர்ஸ்' பற்றி இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

மத்தியஅலை:
அது ஒரு துண்டு, கணக்கில் சேராது.

கடற்காற்று:
அப்படியானால் ஏழு மணிக்கு முன் ஒலித்த 'தீம் ஒன்'னும் சேராது. முதல் பாடல் 'ஃபிளவர்ஸ் இன் தி ரெயின்', போட்டவர் கப்பல்காரர்.

மத்தியஅலை:
'தீம் ஒன்' அந்த நிலையத்துக்காகவே பிறந்த இசை. நீங்கள் எத்தனை முறை ஏழு மணி என்று எழுதினாலும் அது மாறாது, நானும் விடப்போவதில்லை.