‘கேட் ஃப்ளாப்’புக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

லண்டனிலிருந்து, திங்கள் இரவு:

சொல்லாக்க மின்மடல் குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல் அவசரமாக வேண்டும். வாடகை வீட்டில் பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கான எட்டுப் பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து நான்காம் பக்கத்தில் கேட் ஃப்ளாப்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்கதவின் அடியில் ஒரு சதுரமோ வட்டமோ வெட்டி, அதில் மேல்பக்கம் மட்டும் பிணைச்சல் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். பூனை தலையால் தள்ளிக்கொண்டு போகும், வரும். அது போனதும் தகடு தானாகத் திரும்பி வந்து, கீழே இருக்கிற காந்தத்தில் ‘டக்’ என்று ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் போன வருடம் நானே பொருத்தினேன். பூனையைச் சுவரோரம் நிற்கவைத்து வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட வேண்டும். ஓட்டையின் அடிவிளிம்பு அந்த உயரத்துக்கு வர வேண்டும், சுமார் 15 சென்டிமீட்டர். நான் உள்ளே அளந்தேன். வெளியே படி ஒன்று தாழ்வாக இருப்பதை மறந்துபோனேன். ஓட்டை வெட்டிய பிறகு பார்த்தால் வெளியிலிருந்து வருகிற பூனை சுவர் ஏறுகிற மாதிரி ஏற வேண்டியிருந்தது. இப்போது அங்கே ஒரு செங்கல் வைத்திருக்கிறேன்.

சிக்கல் இதுதான். மூலத்தில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று: வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ____ பொருத்தக் கூடாது. மற்றது: அடுக்குமாடி வீட்டின் முன்கதவு தீ பரவாமல் தடுக்கும் கதவு என்பதால் அதில் ____ வெட்டவே கூடாது. ஒரே சொல் ‘பொருத்த’வும் வேண்டும், ‘வெட்ட’வும் வேண்டும். கதவைப் பொருத்தலாம், வெட்ட முடியாது. ஓட்டையை வெட்டலாம், பொருத்த முடியாது. உதவுங்கள்.

*

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, நல்ல கேள்வி. முதலில் பூனையைத் தீர்த்துவிட்டுக் கதவுக்குப் போவோம். ‘பூனை’ பிற்கால வடிவம், ‘பூசை’யே பழையது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த ‘ஒரு பூசை’யைக் கம்பன் அவையடக்கத்தில் வைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கும் முன்னே வெருகு. குறுந்தொகை 107இல், விடியலைக் கூவித் தன்னை எழுப்பிய சேவலைத் தலைவி சபிக்கிறாளே, ‘நள்ளிருள் யாமத்து இல்லெலி பார்க்கும் பிள்ளை வெருகு’க்கு இரையாகப் போவாய் என்று, அங்கே பூனை நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து எலி பார்க்கிறது. எப்படி உள்ளே வந்தது? வழி இருந்திருக்க வேண்டும். அந்த வழிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

சன்னலுக்குச் சிலம்பு ‘காலதர்’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ‘மான்கண் காலதர்’ என்று மானின் கண்ணையே சன்னலுக்கு உருவமாகக் கொடுத்தது. அதே வாய்பாட்டில் வெருகு + அதர் = வெருகதர். குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது, இலக்கணப் பிழை இல்லை. ‘வால்வு’க்கு ‘ஓரதர்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கும்போது இது ஒன்றும் புதுமை இல்லை. வெருகதர் வெட்டலாம், வெருகதர் பொருத்தலாம்.

*

கோவையிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். வெருகதர் வெட்டக் கூடாது என்று படித்தால் ஏதோ காட்டு மரத்தை வெட்டக் கூடாது என்று வனத்துறை சொல்வது போல இருக்குதுங்க. பூனை என்று எழுதினால் பூனை வளர்க்கிற எல்லாருக்கும் புரியும். தொல்காப்பியரே மரபியலில் ‘வெவ்வாய் வெருகினைப் பூசை என்றலும்’ என்று சொல்லிவிட்டு, அந்த மாதிரி வழக்கில் வந்ததையெல்லாம் தள்ளக் கூடாது என்றுதானே முடிக்கிறார்? அன்றைக்கு வெருகு பூசையானது போல இன்றைக்குப் பூசை பூனை ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

என் ஓட்டு ‘பூனைக்கதவு’. அம்மணி, வெட்டுகிற வாக்கியத்தில் மட்டும் ‘பூனைக்கதவுக்காகத் துளை வெட்டக் கூடாது’ என்று ஒரு சொல் கூடப் போட்டால் தீர்ந்தது. இன்னொன்றும் எழுதிவிடுங்கள்: கண்ணாடிக் கதவாக இருந்தால், அது பதப்படுத்திய கண்ணாடியாக இருந்தால், துளை போடவே முடியாது. ட்ரில் பட்டவுடனே மொத்தக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். முதலிலேயே துளை வெட்டிவிட்டுப் பிறகு பதப்படுத்திய புதுக் கண்ணாடிதான் வாங்கிப் போட வேண்டும். நான் கண்ணாடி வேலையில் இருந்தவன், சொல்கிறேன்.

இதோடு ஒரு கதையும். எக்ஸிடர் பேராலயத்தில் வானியல் மணிக்கூட்டுக்குக் கீழே உள்ள கதவில் ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. 1598 வாக்கில் அங்கிருந்த ஆயர் வில்லியம் காட்டன் அதை வெட்டத் தச்சர்களுக்கு 8 பென்ஸ் கொடுத்தாராம். மணிக்கூட்டின் கயிற்றில் தடவிய கொழுப்புக்கு எலி வருமாம், எலிக்குப் பூனை. நியூட்டன் பெரிய பூனைக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டை வெட்டினார் என்பது மட்டும் சந்தேகக் கேஸ், அவர் இறந்து நூறு வருடம் கழித்து 1827இல் வந்த ஒரு புத்தகத்தில்தான் அந்தக் கதை வருகிறது.

*

தஞ்சாவூரிலிருந்து:

நியூட்டன் கிடக்கட்டும், நீங்கள் ‘குட்டி’ என்றது மட்டும் சரி. மூங்கா, வெருகு, எலி, அணில் நான்கின் இளமைக்கும் குட்டி என்பதே மரபு.

‘கதவு’க்கு எனக்கு மறுப்பு உண்டு. கதவு என்றால் தாழ் வேண்டும், சட்டம் வேண்டும். இது புழை. துளையுடைய கை என்பதால்தான் யானையின் கை புழைக்கை. கோட்டையின் சிறுவாயிலும் புழை. வீட்டுப் பின்புறத்தைப் புழக்கடை என்கிறோமே, அது புழைக்கடை. பின்கதவில் அமைவதால் ‘பூனைப்புழை’ என்பது இடத்தாலும் பொருந்தும். வெருகதர் வேண்டாம் என்றால் இதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

*

சென்னையிலிருந்து:

புழக்கடை என்பது புறக்கடையின் திரிபு என்று நான் படித்திருக்கிறேன் ஐயா, புழைக்கு அங்கே வேலை இல்லை. (இதைத் தனி இழையில் பேசலாம், தயவுசெய்து.)

யாருமே ஃப்ளாப்பைத் தொடவில்லை பாருங்கள். பூனையையும் ஓட்டையையும் பிடித்துக்கொண்டிருக்கிறோம், தொங்குகிற தகடுதானே இங்கே விசேஷம்? அதற்கு ‘மடல்’ நல்ல சொல், காதுமடல் மாதிரி. ஆனால் ‘பூனைமடல்’ என்றால் இந்தக் குழுவில் பூனை மின்மடல் போட்டதாகத்தான் நினைப்பார்கள். அதனால் ‘இமை’. தானாகத் திறந்து தானாக மூடுவது இமைதான். இமைக்கதவு. பூனைக்கும் நாய்க்கும் ஒரே சொல், மருத்துவமனையில் தள்ளினால் ஆடித் திரும்புகிற கதவுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். பழைய கோயில் பெருங்கதவுக்குள் இருக்கிற திட்டிவாசலையும் யோசித்தேன். ஆனால் அதில் ஆள் குனிந்து போவான், பூனை அளவு இல்லை.

கூடவே ஒன்று: சில பூனைக்கதவுகள் பூனையின் தோலுக்கடியில் வைத்த சிப்பைப் படித்துவிட்டுத்தான் திறக்கும். அதை ‘நுண்சில்லு’ என்று எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

*

டொராண்டோவிலிருந்து:

தங்கச்சி, நுண்சில்லு என்று மட்டும் எழுதிப்போடாதையுங்கோ. எங்கட சனத்துக்குச் சில்லு என்றால் சக்கரம், சைக்கிள் சில்லு. பூனையின்ர தோள்பட்டைத் தோலுக்குக் கீழே மிருக வைத்தியர் சின்னச் சில்லு ஒன்றைப் பூட்டுவார் என்று வாசித்தால் என்ன நினைப்பினம்?

மற்றது, நீங்கள் எல்லாரும் சிலப்பதிகாரம் வரைக்கும் போய்விட்டீர்கள், வேலியை ஒருவரும் பார்க்கவில்லை. ஊரில் பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஆள் குனிந்து போகிற பொட்டு, கோழி போகிற பொட்டு, நாய் தானே பிரித்து வைத்த பொட்டு. அம்மா அடைப்பா, அடுத்த நாள் நாய் திரும்பப் பிரிக்கும். படலை மனிசருக்கு, பொட்டு மிருகத்துக்கு. இங்கே வேலிக்குப் பதிலாகக் கதவு, வேறென்ன? ‘பூனைப்பொட்டு’. கிடுகு வேலிக்கு இருந்த சொல் பிளாஸ்டிக் கதவுக்கு ஆகாதா?

*

கோவையிலிருந்து:

அண்ணா, பூனைக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னதாக எங்கள் ஊரில் படிப்பார்கள். வீட்டுக்காரர் மேல் வழக்கே போட்டுவிடுவார்கள்.

*

பாரிஸிலிருந்து:

சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், பொறுக்க முடியவில்லை. பிரெஞ்சில் இதை ஷாத்தியேர் என்பார்கள். பூனையின் பெயரிலிருந்து நேரே வந்த சொல், அதில் கதவும் இல்லை, தகடும் இல்லை. அதே சொல்லைக் கூரையில் காற்றுப் போக வைக்கிற ஓட்டுக்கும் சொல்வார்கள், குகைக்குள் இறங்குகிறவர்கள் ஊர்ந்து போகிற ஒடுக்கமான இடுக்குக்கும் சொல்வார்கள். பூனை நுழையக்கூடியது எல்லாம் ஷாத்தியேர்தான். ஜெர்மன்காரர் தகட்டை வைத்துப் பெயர் வைத்தார்கள். எனவே இரண்டு வழியும் உலகத்தில் உண்டு. டொராண்டோ அண்ணைக்கு என் ஓட்டு, நானும் அந்தப் பொட்டுக்குள்ளால் போய்த்தான் ரியூசனுக்குப் போனவள்.

*

சென்னையிலிருந்து:

இலங்கை வழக்கைத் தூக்கிப் பொதுச்சொல்லாக வைத்தால் ஏழு கோடிப் பேருக்குப் புரியாது. கலைச்சொல் என்பது எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா?

*

டொராண்டோவிலிருந்து:

துண்டுப்பிரசுரம் லண்டனில் விநியோகிக்கிறார்கள். அந்த ஏழு கோடிப் பேரில் எத்தனை பேர் லண்டனில் வாடகை வீட்டில் பூனை வளர்க்கினம்? அதோடு, இவ்வளவு காலமும் உங்கட ‘தாழ்ப்பா’ளையும் ‘நாதாங்கி’யையும் நாங்கள் அகராதி பார்த்துத்தானே வாசித்தோம்? நீங்களும் ஒருமுறை பாருங்கோவன்.

*

தஞ்சாவூரிலிருந்து:

சண்டை வேண்டாம். பொட்டு என்பதற்குத் துளை என்ற பொருள் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பொத்து என்றால் பொந்து, பொத்தல் என்றால் ஓட்டை. பொள் என்ற வேரிலிருந்து பொள்ளல், பொள்ளுதல். இவையெல்லாம் ஒரே குடும்பம் என்றால் பொட்டும் அந்தக் குடும்பத்தில் சேரும், யாழ்ப்பாணத்தார் சொல் நல்ல தமிழ்ச்சொல்லே. நெற்றிப் பொட்டு வேறு வேரா, ஒன்றுதானா என்பதை நாளை எழுதுகிறேன். ஆனாலும் புழையை நான் விடவில்லை.

*

லண்டனிலிருந்து, வியாழன் இரவு:

எல்லாருக்கும் நன்றி, ஐயாவின் நாளைய மடலுக்கும் முன்கூட்டியே நன்றி. எனக்கு நாளை பன்னிரண்டு மணி வரைக்கும்தான் நேரம்.

நேற்று இரவு அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு வாக்கியத்தையும் ஒவ்வொரு சொல்லாகப் போட்டு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, அந்தக் கேட் ஃப்ளாப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். வெருகதர் என்றதும் ‘அது ஆர்?’ என்று கேட்டார். பூனைப்புழைக்கு முகத்தைச் சுளித்தார், ஏனென்று சொல்லவில்லை. இமைக்கதவு நல்லாயிருக்கு, ஆனால் என்னவென்று தெரியேல்லை என்றார். பூனைக்கதவுக்கு, ‘ஓம், விளங்குது’. பொட்டு என்றதும் சிரித்துவிட்டு, ‘உதைத்தானே நான் முதல்நாளே சொன்னனான், கதவில பொட்டு வெட்டி வைச்சிருக்கிறாய், குளிர் வருகுது எண்டு’ என்றார். உண்மைதான், சொல்லியிருக்கிறார். நான் அதை ஒரு சொல்லாகவே கவனிக்கவில்லை.

ஆகவே எண்ணிப் பார்த்தால் பூனைக்கதவுக்கு ஆறு, பூனைப்பொட்டுக்கு நான்கு, தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து. தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் பூனைக்கதவு என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ‘கதவின் அடியில் பூனை போய்வர வைக்கும் சிறு கதவு’ என்று ஒருமுறை விளக்கியிருக்கிறேன். இரண்டாவது வாக்கியம் இப்படிப் போகிறது: ‘அடுக்குமாடி வீட்டின் முன்கதவில் பூனைக்கதவுக்காகப் பொட்டு வெட்டவே கூடாது.’ கோவைக்காரர் மன்னிக்க வேண்டும். வெட்டு என்று பக்கத்தில் இருப்பதால் யாரும் குங்குமம் என்று நினைக்கமாட்டார்கள்.

நுண்சில்லை எடுத்துவிட்டேன். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10இலிருந்து 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைக்குச் சிப் கட்டாயம் என்பதால், வீட்டில் பூனை உள்ள எல்லாருமே ‘சிப்’ என்றுதான் சொல்கிறார்கள். அரிசி அளவு, உள்ளே 15 இலக்க எண், அதைக் கதவு படித்துவிட்டுத் திறக்கும் என்று விளக்கி விட்டுவிட்டேன்.

*

சென்னையிலிருந்து:

ஒரே பக்கத்தில் ஒரே பொருளுக்குக் கதவும் பொட்டும். சொல்லாக்க நெறி என்று ஒன்று இருக்கிறது. என் எதிர்ப்பைப் பதிவுசெய்கிறேன்.

*

லண்டனிலிருந்து:

பதிந்தாயிற்று. கதவும் பொட்டும் ஒரே பொருள் இல்லையே, ஒன்றை வெட்டுகிறோம், மற்றதைப் பொருத்துகிறோம். ஆறாம் பக்கத்தில் ‘உள்ளே வரமட்டும், வெளியே போகமட்டும், இரண்டும், பூட்டு’ என்று நான்கு நிலைப் பூட்டு வருகிறது. அதற்கு யாரும் பழஞ்சொல் தேட வேண்டாம், அப்படியே போய்விட்டது.

*

தஞ்சாவூரிலிருந்து:

நெற்றிப் பொட்டு பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடத்தையும் பொட்டு என்கிறோம் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன்...