ஓகஸ்ட் லீவுக்கு உதவி தேவை (திருகோணமலை)

வணக்கம். பிள்ளையைப் பறிகொடுத்த மூன்று குடும்பத்தை ஒரு நாள் காலமை நிலாவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறம். பெரியாக்களுக்கு வெளிக்கிட மனம் வராது. ஆனால் மிச்சப் பிள்ளையள் லீவு முழுக்க அந்த வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குதுகள்.

தேவையானது: 14 பேர் இருக்கக்கூடிய வேன், காலமை 6 மணியிலயிருந்து 9.30 வரைக்கும். அதுக்குப் பிறகு வெயிலும் சூடான கச்சான் காற்றும் தாங்கேலாது. கன்னியா வெந்நீரூற்று வேண்டாம்; செத்தவைக்கு 31ஆம் நாள் கிரியை செய்யச் சனம் போற இடம், பிள்ளையளுக்கு அந்த நினைவு வரும்.

12 பேருக்கு 75 இடியப்பம், சொதி, சம்பல். திருப்பிக் குடுக்கத் தேவையில்லாத பெட்டியில தாங்கோ. கழுவாத சட்டி வீட்டில கிடந்தாலே அந்தத் தாய்க்குப் பாரம்.

நல்லா நீந்தத் தெரிஞ்ச இரண்டு பேர் முக்கியம். கரையில இருக்கிற தாய் தகப்பனின்ர கவனம் சிதறும், அவையை நம்பிப் பிள்ளையளைத் தண்ணியில விடேலாது.

வாறவை "எத்தனை பிள்ளையள்?" எண்டு கேட்காதேங்கோ. இறந்த பிள்ளையின்ர பேரைச் சொல்லலாம், சொல்லவும் வேணும். "தம்பி நித்திரை" எண்டு மட்டும் சின்னனுகளிட்டச் சொல்லாதேங்கோ, பிறகு இரவில கண்ணை மூடவே பயப்படுங்கள். அழுத பிள்ளை அஞ்சு நிமிசத்தில மண்வீடு கட்டினால் அது மறதியில்லை. சின்னனுகளின்ர துக்கம் அப்பிடித்தான் விட்டு விட்டு வரும். விளையாட விடுங்கோ.

"ஏதும் வேணுமெண்டால் சொல்லுங்கோ" எண்டு எழுதாமல், என்ன தருவியள், எந்த நாள் எண்டு கீழே எழுதுங்கோ.