"இன்ஷூரன்ஸா, கேஷா?": சிங்கப்பூரில் தனியார் கிளினிக்கில் விலை கேட்டால் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. உங்கள் அனுபவம் என்ன?

ஈசூன்வாசி

வணக்கம். மூன்று வாரமாக மனதை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு 53 வயது. 50 தாண்டியவர்கள் செய்துகொள்ளச் சொல்லும் மலப் பரிசோதனையைச் செய்தேன். ரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தது. பல மாதமாக நெஞ்செரிச்சலும் இருந்ததால், மேலும் கீழும் இரண்டு ஸ்கோப்பும் (கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) பார்த்துவிடலாம் என்றார் குடும்ப மருத்துவர். அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் காலையில் தனியார் நிபுணர் ஒருவரின் கிளினிக்கிற்கு போன் செய்து, எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். எடுத்த பெண் விலையைச் சொல்லவில்லை. "இன்ஷூரன்ஸா, கேஷா அங்கிள்?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்குத் தனியார் மருத்துவமனை வரைக்கும் போகக்கூடிய ஷீல்டு திட்டம், அதாவது மருத்துவ இன்ஷூரன்ஸ், இருக்கிறது. அதைச் சொன்னேன். மாலையில் மதிப்பீடு மின்னஞ்சலில் வந்தது. ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 4,380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

என் மனைவிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மறுநாள் அவள் தன் போனிலிருந்து அதே கிளினிக்கை அழைத்தாள். அதே டாக்டர், அதே இரண்டு ஸ்கோப். "கேஷ்தான், இன்ஷூரன்ஸ் இல்லை" என்றாள். 2,650 வெள்ளி என்று வந்தது.

இரண்டு தாளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டாக்டர் கட்டணம் ஒன்றில் 2,100, இன்னொன்றில் 1,300. அறைக்கும் கருவிக்கும் 1,350, மற்றதில் 1,100. மருந்து 330, மற்றதில் 250. இன்ஷூரன்ஸ் தாளில் மட்டும் மயக்க மருத்துவர் என்று தனியாக 600. கேஷ் தாளில் அந்த வரியே இல்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிதானே கட்டுகிறது, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். என் கணக்கைப் பாருங்கள். பில்லில் நம் பங்கைக் குறைக்க, திட்டத்தோடு கூடுதலாக எடுக்கும் காப்புறுதிக்கு ரைடர் என்று பெயர். பிரீமியம் ஏறியதால் இரண்டு வருடத்துக்கு முன் அந்த ரைடரை நிறுத்திவிட்டேன். என் திட்டத்தில் டிடக்டிபிள் 3,500. அதாவது முதல் 3,500 வெள்ளி என் பொறுப்பு. மிச்சம் 880-இல் பத்து விழுக்காடு, அதாவது 88, அதுவும் என் பொறுப்பு. ஆக 4,380-இல் நான் கட்ட வேண்டியது 3,588, கம்பெனி கட்டுவது 792. கேஷ் என்று சொல்லியிருந்தால் மொத்தமே 2,650. இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னதற்காக நான் 938 வெள்ளி கூடக் கட்ட வேண்டும். எந்த வழியில் போனாலும் ஒரு பகுதியை மெடிசேவிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடித்து மருத்துவத்துக்கென்று சேர்க்கும் கணக்கிலிருந்து, எடுக்கலாம், அது வேறு. ஆனால் மெடிசேவும் என் உழைப்புப் பணம்தான்.

பணத்தைவிட அந்த 600 வெள்ளி வரிதான் என்னைக் கலக்கியது. கிளினிக்கிடம் கேட்டேன். "இன்ஷூரன்ஸ் கேஸ் என்றால் மயக்க மருத்துவர் வருவார். கேஷ் என்றால் டாக்டரே தூக்க ஊசி போட்டுவிடுவார்" என்றார்கள். என் உடம்புக்கு மயக்க மருத்துவர் தேவை என்றால் கேஷ் கொடுத்தாலும் தேவைதானே? தேவையில்லை என்றால் இன்ஷூரன்ஸ் இருந்தாலும் தேவையில்லை. இதை முடிவு செய்ய வேண்டியது என் இதயமும் நுரையீரலும், நான் எப்படிக் கட்டுகிறேன் என்பதா?

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? ஸ்கோப் இன்னும் செய்யவில்லை. என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

செங்காங் அம்மா

அண்ணா, முதலில் ஸ்கோப்பைத் தள்ளிப்போடாதீர்கள். விலைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு நடந்தது நேர் எதிர். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிற கிளினிக் என் ஆபீஸ் கொடுத்த மருத்துவக் கார்டை ஏற்றுக்கொள்ளும். போன வருடம் எனக்கும், எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அக்காவுக்கும் ஒரே வாரத்தில் சளிக்காய்ச்சல். இரண்டு பேரும் ஒரே காலையில் போனோம். ஒரே டாக்டர், கிட்டத்தட்ட ஒரே மருந்து. என் சீட்டில் கம்பெனிக்குப் போன தொகை 38 வெள்ளி. அக்காவுக்கு நான் கையிலிருந்து கொடுத்தது 62.

கேட்டபோது மறைக்காமல் சொன்னார்கள். கம்பெனி கார்டு என்றால் நடுவில் ஒரு நிர்வாக நிறுவனம் இருக்கிறது. அது நிறைய நோயாளிகளை அனுப்புகிறது, அதற்கேற்ப விலையை அடித்துப் பேசிவிடுகிறது. தனியாக வருகிறவருக்காகப் பேச யாரும் இல்லை. உங்கள் நிபுணரிடம் இன்ஷூரன்ஸ்காரருக்கு விலை கூடுதல், என் கிளினிக்கில் கேஷ் கொடுப்பவருக்குக் கூடுதல். சம்பளம் குறைந்தவர் கூடுதலாகக் கட்டுகிறார் என்பது அன்று முழுக்க எனக்குப் பொறுக்கவில்லை. வேலைக்கு வைத்தவர்தான் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும், அதனால் நான் கட்டினேன். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கிறதா என்று தெரியவில்லை.

துவாஸ் தங்குவிடுதி

அண்ணே வணக்கம். நான் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். எங்களுக்கு அரசாங்கச் சலுகை விலை கிடையாது. மருத்துவமனையில் முழு விலைதான்.

காய்ச்சல், தலைவலிக்குப் பிரச்சினை இல்லை. 2022 ஏப்ரலிலிருந்து விடுதிக்காரர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. எங்களுக்கென்று உள்ள மருத்துவ நிலையத்துக்குப் போனால் நாங்கள் 5 வெள்ளி கொடுத்தால் போதும். மீதியை முதலாளி எடுத்த திட்டம் பார்த்துக்கொள்ளும்.

பெரிய நோய் வந்தால்தான் பயம். என் அறைத்தோழனுக்கு இரவு இரண்டு மணிக்கு அடிவயிற்று வலி, குடல்வால் வீங்கியிருந்தது. அவசரப் பிரிவில் உடனே பார்த்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் கேட்டார்கள். சூப்பர்வைசர் போன் எடுக்கவில்லை. வலியில் சுருண்டு கிடந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பில் எவ்வளவு வரும்டா, ஊருக்கு அனுப்பிவிடுவார்களா" என்றுதான் கேட்டான். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியற்காலையில் கடிதம் வந்தது. நல்லபடியாக முடிந்தது.

எங்களுக்காக முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி முன்பு வருடத்துக்கு 15,000 வெள்ளி வரைக்கும்தான் பில்லை ஏற்க வேண்டியிருந்தது. 2023 ஜூலை 1 முதல் 60,000 ஆக்கினார்கள். 15,000-க்கு மேல் போனால் அந்தப் பகுதியில் கால் பங்கு முதலாளி, முக்கால் பங்கு காப்புறுதி. இது நம் ஆட்கள் பல பேருக்குத் தெரியாது. பில்லுக்குப் பயந்து வலியை மறைக்கிறார்கள். இதைப் படிக்கிற அண்ணன்மார்கள் உங்களுக்குத் தெரிந்த பையன்களிடம் சொல்லுங்கள்.

முகப்பு அக்கா

14 வருடம் தனியார் கிளினிக்குகளில் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். "இன்ஷூரன்ஸா கேஷா" என்று ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு நியாயமான காரணமும் உண்டு. இன்ஷூரன்ஸ் என்றால் முன்அனுமதி வாங்க வேண்டும், உத்தரவாதக் கடிதம் வாங்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பணம் வரக் காத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு சிறு தொகை கூடினால் புரிந்துகொள்ளலாம். டாக்டர் கட்டணம் 1,300-லிருந்து 2,100-க்குப் போவதைப் படிவ வேலை என்று யாரும் சொல்ல முடியாது. குழாய் நுழையும் குடல் ஒன்றுதான்.

எப்படி இங்கே வந்தோம் என்றால், முன்பு சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் ஒரு கட்டண வழிகாட்டி வைத்திருந்தது. போட்டித்தன்மைச் சட்டம் பற்றிய கவலையால் 2007-இல் அதை மீட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பல வருடம் பொதுவான அளவுகோல் என்று ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில்தான் முழு ரைடர் பரவலாக விற்றது. நோயாளி கையிலிருந்து ஒரு காசு கொடுக்க வேண்டாம். அவர் விலையே கேட்க மாட்டார், டாக்டரும் சொல்ல மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம். முழு ரைடர் இருப்பவர்களின் சராசரி பில், ரைடர் இல்லாதவர்களின் பில்லைவிட 60 விழுக்காடு அளவுக்கு அதிகம் என்று 2018 மார்ச்சில் சுகாதார அமைச்சு நாடாளுமன்றத்தில் சொன்னபோது, எங்கள் மேசையில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து புதிய ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளி கட்ட வேண்டும் என்று ஆனது.

2018 நவம்பரில் அமைச்சு 222 அறுவை சிகிச்சைகளுக்கு டாக்டர் கட்டண அளவுகோலை வெளியிட்டது. பிறகு மயக்க மருத்துவர் கட்டணத்துக்கும் வந்தது. அமைச்சின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். அது உச்சவரம்பு இல்லை, இங்கிருந்து இதுவரை என்று ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் கேஷ்காரருக்குக் கீழ்ப்பக்கமும் இன்ஷூரன்ஸ்காரருக்கு மேல்பக்கமும் போட்டால் அளவுகோலை மீறியதாக ஆகாது. ஆனால் எல்லையே இல்லை என்றும் நினைக்காதீர்கள். புருணை அரச குடும்பத்து நோயாளி ஒருவருக்கு 2007-இல் சில மாதச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 24 மில்லியன் வெள்ளி பில் போட்ட மருத்துவரை, மருத்துவ மன்றக் குழு 2012-இல் மூன்று வருடம் இடைநீக்கம் செய்தது. நோயாளி வசதியானவர், ஒத்துக்கொண்டார் என்பதெல்லாம் அங்கே எடுபடவில்லை. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

ஈசூன் தம்பி, உங்கள் 938 வெள்ளிக் கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய ரைடர்கள், அமைச்சு வைத்த குறைந்தபட்ச டிடக்டிபிளை ஏற்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் சின்னச் சிகிச்சைகளுக்கு அந்தப் புதிய ரைடர் வைத்திருப்பவரும் உங்கள் நிலையில்தான் இருப்பார். இன்ஷூரன்ஸ் விலையைச் சொல்வார்கள், அதில் பெரும்பகுதியை அவரே கட்டுவார்.

போனில் கேட்காதீர்கள். ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். சிகிச்சைக் குறியீட்டையும் கேளுங்கள், அது இருந்தால்தான் அளவுகோலோடு ஒப்பிட முடியும். கேட்டால் மேசையில் இருக்கிற பெண் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

பிடோக் மாமா

எல்லோரும் சொல்வது சரி. ஆனாலும் என் பக்கத்தையும் எழுதுகிறேன். இதயத்தில் மூன்று அடைப்பு, தனியார் மருத்துவமனையில் பைபாஸ். பில் 86,000 வெள்ளி. 5 விழுக்காடு ரைடர், கம்பெனியின் பட்டியலில் உள்ள டாக்டர் என்பதால் நான் கட்டுவதற்கு வருடத்துக்கு 3,000 வெள்ளி வரம்பு. அதோடு முடிந்தது. முன்பணம்கூடக் கேட்கவில்லை. கேஷ் விலை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை, என் மகள் அழுதுகொண்டிருந்தாள். விலை அநியாயம் என்பதற்காக ரைடரை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பிரீமியம் வருடா வருடம் ஏறுகிறது, அதுவும் உண்மை. கடைசியில் அந்தக் கூடுதல் விலையை நாம்தான் பிரீமியமாகக் கட்டுகிறோம் என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஈசூன்வாசி

எல்லோருக்கும் நன்றி. துவாஸ் தம்பி எழுதியதை என் மனைவி இரண்டு முறை படித்தாள்.

நான் கடைசியில் அந்தக் கிளினிக்கிற்குப் போகவில்லை. அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் அங்கிருந்து பொது மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கினேன். மலப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் ஐந்து வாரத்தில் நாள் கொடுத்தார்கள். அந்த ஐந்து வாரம் எளிதாக இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. தனியாரில் நான்கு நாளில் முடிந்திருக்கும்.

சிகிச்சைக்கு முன் ஒரு பெண்மணி உட்காரவைத்து, சலுகைக்கு முன் எவ்வளவு, சலுகைக்குப் பின் எவ்வளவு, மெடிசேவில் எவ்வளவு போகும் என்று தாளில் விரலை வைத்து வரி வரியாகக் காட்டினார். மயக்க மருத்துவர் வேண்டுமா என்று கேட்டேன். டாக்டர் என் ரத்த அழுத்தம், தூக்கத்தில் குறட்டை, பழைய மருந்துகள் எல்லாம் விசாரித்துவிட்டு, "உங்களுக்குத் தேவையில்லை, தூக்க ஊசியே போதும்" என்றார். எப்படிக் கட்டப்போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

பெருங்குடலில் இரண்டு சிறு கட்டிகள் இருந்தன, அப்போதே எடுத்துவிட்டார்கள். ஆய்வு முடிவு வந்துவிட்டது, புற்றுநோய் இல்லை. மூன்று வருடம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு மதிப்பீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களில் யாரிடமாவது இப்படி ஒரே சிகிச்சைக்கு இரண்டு விலை எழுத்தில் இருந்தால், கிளினிக், டாக்டர் பெயர்களை மறைத்துவிட்டு வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். முகப்பு அக்கா, குறியீட்டை அளவுகோலோடு ஒப்பிடும்போது ஒரே நாளில் இரண்டு ஸ்கோப் செய்தால் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று முடிந்தபோது சொல்லுங்கள்.