2147483647 பகா எண் என்று கையால் காட்ட உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தோட்டப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கணினி இல்லாத 1772இல் கணித மேதை ஆய்லர் இந்த எண்ணை எப்படிப் பகா எண் என்று நிரூபித்தார் என்று நான்காம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள், அசந்துபோனேன்.

இது 2இன் 31ஆம் அடுக்கில் 1 குறைந்த எண். வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேல், அதனால் அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஆனால் அவையே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதை 62ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பதைப் பெர்மாவின் சிறிய தேற்றத்தை (ஒரு பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1) வைத்துப் புரியவைத்துவிட்டேன். வேலை பெருமளவு குறைந்தது. அப்புறம்தான் சிக்கல். அதே பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வருமாம். 2இன் 32ஆம் அடுக்கு ஒரு வர்க்கம், அதை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 2, இதுவரை சரி. அங்கிருந்து 8க்கு எப்படிப் போவது?

16 வயதுப் பிள்ளைக்குப் புரிகிற விளக்கம் யாரிடமாவது இருக்கிறதா? 7, 17, 23 போன்ற சின்ன எண்களை வைத்துக் காட்டினாலும் போதும். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது, அவள் காத்திருக்கிறாள்.