இசட் பரீட்சை: ஏர் பிரேக் சோதனையைச் சொல்லிக்கொண்டே செய்யும்போது வரிசை குழம்புகிறது

பாண்பேக்கரி எழுதியது:

வணக்கம். ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் இரவு வேலை செய்துகொண்டு ஏஇசட் (ட்ரெயிலர் ட்ரக்குக்கு ஏ, ஏர் பிரேக்குக்கு இசட் என்ற உரிமம்) பழகுகிறேன். ஒன்ராறியோவில் 2017 ஜூலையில் கட்டாயமாக்கிய 103.5 மணி நேரப் பயிற்சி முடியப்போகிறது. ட்ரெயிலரைக் கொழுவுவது, கழற்றுவது, பின்னுக்கு எடுப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஓடுவதில் பயமில்லை. ஏர் பிரேக் சோதனைதான் தொண்டையில் நிற்கிறது.

பயிற்சிப் பள்ளியில் ஒரு தாள் தந்தார்கள். அதில் இலக்கங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன: 55, 3, 4, 20, 85, 100, 2 நிமிடம். எது எதற்கு என்று கேட்டால், "பாடமாக்குங்கள், கேட்டால் சொல்லுங்கள்" என்பதுதான் பதில். வீட்டில் மனைவிக்குச் சொல்லிக் காட்டும்போது எல்லாம் சரியாக வருகிறது. வண்டியில் ஏறி, பக்கத்தில் ஒருவர் தாளும் பேனையுமாக இருந்தவுடன், காற்று இழப்புக்குச் சொல்ல வேண்டியதைக் காற்று நிரம்புவதற்குச் சொல்லிவிடுகிறேன். அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நேற்று பயிற்சியில் இஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை அமுக்கி அமுக்கிக் காற்றை இறக்கினேன். காற்றழுத்தம் காட்டும் முள் 50-க்குக் கீழே போயும், காற்றுக் குறைந்ததை எச்சரிக்கும் பஸ்ஸர் அடிக்கவில்லை. "வண்டியில் பிழை" என்றேன். பயிற்றுநர் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. அடுத்த மாணவர் ஏறிவிட்டார்.

அனுபவமுள்ளவர்கள் இதை எப்படி மனதில் வைத்திருக்கிறீர்கள்?

401 அக்கா எழுதியது:

தம்பி, முதலில் பஸ்ஸர். வண்டியில் பிழை இருக்காது. இஞ்சினை நிறுத்தும்போது திறப்பை (சாவியை) முழுதாகத் திருப்பி அணைத்திருப்பீர்கள். மின்சாரம் இல்லாவிட்டால் பஸ்ஸரும் அடிக்காது, சிவப்பு விளக்கும் எரியாது. இஞ்சின் நிற்க வேண்டும், திறப்பு மட்டும் திரும்பவும் 'ஆன்' நிலைக்கு வர வேண்டும். இதைப் பரீட்சையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

இனி உங்கள் இலக்கங்கள். தாளை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். சோதனையின் பெரும்பகுதியில் தாங்கியில் (டாங்கில்) உள்ள காற்று ஒருமுறை இறங்குகிறது, பிறகு ஒருமுறை ஏறுகிறது. நீங்கள் பாடமாக்கும் இலக்கம் ஒவ்வொன்றும் அந்த இறக்கத்திலோ ஏற்றத்திலோ ஓர் இடம். முள் எங்கே நிற்கிறதோ அதுவே அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும்.

முதலில் சில்லுக்கு அடைக்கட்டை. இதை ஏன் முதலில் என்கிறேன் என்றால், இன்னும் சற்று நேரத்தில் மஞ்சள் குமிழ் (நிறுத்தி வைக்கும் பிரேக்), சிவப்புக் குமிழ் (ட்ரெயிலருக்குக் காற்று) இரண்டையும் உள்ளே தள்ளி, காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கின் வலுவால் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் எல்லாவற்றையும் விடுவிக்கப்போகிறீர்கள். நாற்பதாயிரம் கிலோ வண்டியைப் பிடித்துக்கொள்ள அந்த மரக்கட்டையைத் தவிர வேறெதுவும் இருக்காது. கட்டை வைக்காமல் குமிழைத் தொட்டவரோடு நான் ஒரே வண்டியில் இருக்க மாட்டேன். பரீட்சகரும் அப்படித்தான் நினைப்பார்.

தாங்கி நிரம்பியிருக்கிறது. இரண்டு குமிழும் உள்ளே. இஞ்சினை நிறுத்துகிறீர்கள், இல்லாவிட்டால் கசிகிற காற்றைக் கம்ப்ரெஸர் நிரப்பி ஒளித்துவிடும். மிதியை முழுதாக அமுக்கிப் பிடியுங்கள். அமுக்கியவுடன் முள் சட்டென்று கொஞ்சம் விழும். அது கசிவு இல்லை, தாங்கியிலிருந்து காற்று பிரேக் அறைகளுக்குப் போனது. முள் ஒரு நிலைக்கு வந்த பிறகே நிமிடத்தை எண்ணத் தொடங்குங்கள். ஒரு நிமிடத்தில் தனி வண்டி 3 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) மேல் இழக்கக் கூடாது, ட்ரெயிலரோடு சேர்த்து 4. ஊர்திகள் மூன்று தொடர்ந்தால் 6. குழாயும் இணைப்பும் கூடக்கூட ஓரளவு கூடுதல் இழப்பை அனுமதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. காற்று இழப்பைப் பார்க்கும்போது ஏன் ஸ்பிரிங் பிரேக்கை விடுவித்து வைக்கிறோம் என்று பலருக்குத் தெரியாது. விடுவித்தால்தான் அந்த அறைகளிலும் காற்று நிற்கும். பூட்டியபடி சோதித்தால் அங்கே கசிவு இருந்தாலும் தெரியவராது.

இப்போது இறக்கம். திறப்பு ஆன், மிதியை அமுக்கி விடுங்கள், திரும்ப அமுக்கி விடுங்கள். முள் இறங்கிவருகிறது. 55-க்குக் கீழே போவதற்குள் பஸ்ஸரோ விளக்கோ வந்தாக வேண்டும். 60-இல் வந்தாலும் சரி, 70-இல் வந்தாலும் சரி. எந்த இலக்கத்தில் வந்தது என்பதை உரக்கச் சொல்லுங்கள், "வந்துவிட்டது" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். இன்னும் இறக்கினால் 45-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ குமிழ்கள் தாமாக டக்கென்று வெளியே வரும். ட்ரெயிலர் கழன்றோ குழாய் அறுந்தோ போனால் ட்ரக்கில் உள்ள காற்றும் சேர்ந்து வெளியேறிவிடாமல் காப்பது அந்தச் சிவப்புக் குமிழின் வேலை. அதனால்தான் 20 என்ற எல்லை.

பிறகு ஏற்றம். இஞ்சினைப் போடுங்கள், சும்மா 600 முதல் 900 சுற்றுக்குள் ஓடட்டும். 85-ஐக் கடந்தவுடன் நேரம் எண்ணத் தொடங்குங்கள், 100-ஐத் தொட 2 நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. இன்னும் மேலே போனால், பெரும்பாலான வண்டிகளில் 120-க்கும் 140-க்கும் இடையில், கவர்னர் கம்ப்ரெஸரை நிறுத்தும். அந்த நேரத்தில், காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் கீழே 'புஸ்' என்று தும்மும். அதைக் கேட்டவுடன் "கவர்னர் கட் அவுட்" என்று சொல்லுங்கள்.

மற்றபடி இழுத்துப் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. கட்டையை எடுத்துவிட்டு, மஞ்சள் பூட்டியபடி கீழ் கியரில் மெல்ல இழுங்கள், அசையக் கூடாது. ட்ரெயிலர் பிரேக்கை மட்டும் பூட்டி இன்னொருமுறை. பிறகு மெல்ல உருட்டி மிதியை அமுக்கிப் பார்ப்பது. இவை கையில் ஏற்கனவே இருப்பவை, விளக்கத் தேவையில்லை. உங்கள் பள்ளியின் வரிசை சற்று மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறக்கமும் ஏற்றமும் மாறாது.

நாமக்கல் லாரிக்காரர் எழுதியது:

அக்கா அழகாக விளக்கியிருக்கிறார், ஆனால் நான் ஒரு பங்கு மாறுபடுகிறேன். நாமக்கல்லிலிருந்து டேங்கர் ஓட்டியவன், இப்போது பிராம்ப்டனில் இருக்கிறேன். ஊரில் லாரி ஏறினால் முதலில் கேட்பது கசிவுச் சத்தம்தான். காற்றுப் பிடிக்கும்வரை காத்திருந்து, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுக் கிளம்புவோம். யாருக்கும் எதையும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் எனக்கு ஏன் என்பது தெரியும். என் கஷ்டமே வேறு. தெரிந்ததைக் கண்டபடி ஆங்கிலத்தில் சொல்லிப் பரீட்சகரைக் குழப்பினேன்.

எனவே பாடமாக்குவதை இழிவாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரே அச்சில் நான்கு வாக்கியம்: என்ன செய்யப்போகிறேன், செய்கிறேன், என்ன பார்க்கிறேன், எல்லை எது. "இப்போது காற்று இழப்பைச் சோதிக்கிறேன். மிதியைப் பிடித்திருக்கிறேன். ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐ இறங்கியது. எல்லை 4, சரி." இவ்வளவுதான். கதை சொல்ல வேண்டாம். கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டாம். நான் ஏர் டிரையரின் உள்ளமைப்பை விளக்கப் போனேன், பரீட்சகர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடக்கும்போது கைவிரலால் குழாயைத் தொட்டே சொல்லுங்கள். சிவப்புக் குழாய் சப்ளை (ட்ரெயிலர் தாங்கிக்குப் போகும் காற்று), நீலம் சர்வீஸ் (மிதியை அமுக்கும்போது போகும் காற்று). கொழுவும் இடத்தில் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பனிக்காலத்தில் முதலில் கசியும் இடம் அதுவே.

பட்டறை எழுதியது:

மிசிசாகாவில் ட்ரக் திருத்துகிறேன். மேலே இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டுநர்கள் கேட்டாலே தலையைச் சொறிவது இதில்தான்: பிரேக் சரிசெய்த அளவு.

கார் மிதி தேய்மானத்தைக் காலுக்குச் சொல்லும், மிதி கீழே போகும். ஏர் பிரேக் மிதி ஒன்றும் சொல்லாது. லைனிங் தேய்ந்து புஷ்ராட் (பிரேக் அறையிலிருந்து வெளியே தள்ளும் கம்பி) நீளமாக வெளியே வரும் நிலையிலும் மிதி பழைய மாதிரியே இருக்கும். மலை இறக்கத்தில் ட்ரம் சூடாகி விரியும்போது அந்த நீளம் இன்னும் கூடும். அப்போதுதான் பிரேக் இல்லை என்பது தெரியவரும்.

தாங்கியில் 90 முதல் 100 பிஎஸ்ஐ வைத்து மிதியை முழுதாக அமுக்கி, புஷ்ராட் எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். இழுவை வண்டியின் பின் அச்சுகளில் பரவலாக இருக்கும் 30 வகை அறைக்கு எல்லை 2 அங்குலம், நீள்தூர (லாங் ஸ்ட்ரோக்) அறையென்றால் இரண்டரை. நீள்தூர அறையை அதன் மேலிருக்கும் தகட்டு அடையாளத்தாலும், காற்றுக் குழாய் கொழுவும் சதுர வடிவத்தாலும் கண்டுபிடிக்கலாம்.

கனடாவில் 1996 மே மாத இறுதிக்குப் பிறகு தயாரித்த வண்டிகளில் தேய்மானத்துக்கேற்பப் பிரேக்கைத் தானே சரிசெய்யும் தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் கட்டாயம். அது எல்லையைத் தாண்டியிருந்தால் அதில் எங்கோ கோளாறு. ஸ்பானரால் திருகிச் சரி செய்துவிட்டுப் போகாதீர்கள். ஓடும்போது திரும்பவும் தளர்ந்துவிடும். பரீட்சையில் "என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் "இயந்திரத் திருத்துநரிடம் கொண்டுபோவேன்" என்று சொல்லுங்கள். "நானே திருகுவேன்" என்று பெருமையாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: நிறுத்தி வைக்கும் பிரேக் பூட்டியிருக்கும்போது மிதியையும் சேர்த்து ஓங்கி அமுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கின் வலுவும் காற்றின் வலுவும் ஒரே கம்பியில் விழும். அதைத் தடுக்கும் வால்வு இல்லாத பழைய வண்டிகளில் கம்பி வளையும்.

பாண்பேக்கரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திறப்பு விஷயம் சரிதான், காலையில் ஏறிப் பார்த்தேன், 68-இல் பஸ்ஸர் அடித்தது. அக்கா சொன்ன இறக்கமும் ஏற்றமும் மனதில் நின்றுவிட்டன. லாரிக்கார அண்ணாவின் நான்கு வாக்கியத்தில் முதல் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதித் தூங்குமுன் படிக்கிறேன்.

இரண்டு சந்தேகம். பரீட்சையில் ஏதாவது ஓர் இலக்கம் எல்லையைத் தாண்டிப்போனால் என்ன செய்வது? ஒரு நிமிடத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்கலாமா?

401 அக்கா எழுதியது:

தாண்டினால் தாண்டியது என்று சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் 5 பிஎஸ்ஐ போனால் அது பெரிய குறை, வண்டி நகரக் கூடாது என்று நேராகச் சொல்ல வேண்டும். காற்று இழப்பு எல்லையைத் தாண்டுவது, எச்சரிக்கை வேலை செய்யாதது, ட்ரக்கைக் காக்கும் அமைப்பு வேலை செய்யாதது, பிரேக் வேலை செய்யாதது, இவையெல்லாம் தினசரிச் சோதனை அட்டவணையில் பெரிய குறைகள். காதுக்குக் கேட்கும் சிறு கசிவும், நிரம்ப நேரம் எடுப்பதும் சிறு குறைகள். அவற்றைக் குறித்து முதலாளிக்கு அறிவித்துவிட்டு ஓடலாம். அந்த அறிக்கைக்கு 24 மணி நேரம்தான் ஆயுள் என்பதையும் கேட்கக்கூடும், நினைவில் வையுங்கள். நல்ல வண்டியைத்தான் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில், முள் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் "சரி" என்பவர்கள் அங்கே பிடிபடுகிறார்கள்.

தொலைபேசியைக் கையில் எடுக்காதீர்கள். வினாடி முள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு போங்கள்.

பட்டறை எழுதியது:

சிறு குறை என்று ஓடலாம் என்பது சட்டப்படி சரி. என்னைக் கேட்டால், நிரம்ப நேரம் எடுக்கிற வண்டியை அன்றே பார்க்கக் கொண்டுவாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டுகிற கம்ப்ரெஸர் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். தாங்கியின் அடிக்குமிழைத் திறந்து வடித்துப் பாருங்கள், வெளியே வருவது வெறும் தண்ணீரா, பால் கலந்த மாதிரி எண்ணெய்த் தண்ணீரா என்று.